பட்டையக்காவின் ஃப்ரீசர்

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் மூத்தவள், மழை விட்டதும் கத்தியைத் தூக்கிக்கொண்டு மரப்பட்டை செதுக்கப் புறப்படுகிறவள். ஆகவே பட்டையக்கா. வாசல் காவலாளியில் தொடங்கி நூலகக்காரர் வரைக்கும் அப்படித்தான். யார் வைத்த பேர் என்று கொஞ்ச நாள் விசாரித்துப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் பிள்ளைகள் வைத்திருந்த பேரை விட இது எவ்வளவோ தேவலை.

ஆமாம், அவள் பாடம் நடத்தியவள்தான். ஒரு சின்னக் கல்லூரியில் வருஷக்கணக்காகத் தாவரவியல் எடுத்தாள். பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும், முதல்வருக்கும் குறை கிடையாது. திடீரென்று ஒரு விதி வந்தது. முனைவர் பட்டம் இல்லாதவர்கள் இனிமேல் வகுப்பில் நிற்கக் கூடாது. நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதில் மறுபடியும் மாணவியாக வேண்டிய கட்டாயம். "முடிச்சிட்டு வாங்க, உங்க இடத்தை நான் பிடிச்சு வெச்சிருக்கேன்"என்றார் முதல்வர். எத்தனை காலத்துக்குத்தான் ஒரு மனிதர் இடத்தைப் பிடித்து வைத்திருப்பார்? வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று இப்போது அவரே சொல்லிவிட்டார்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் இடத்துக்கு அடிதடி. இந்தத் தனியார் பல்கலைக்கழகமோ வாசலில் நின்று வா வா என்று கூப்பிட்டது. கண்ணாடிக் கட்டடம், வெட்டிவிட்ட புல்வெளி, நடுவில் நீரூற்று. விருந்தாளிகள் வரும் நாளில் மட்டும்தான் நீரூற்றில் தண்ணீர் வரும் என்பது சேர்ந்த பிறகு தெரிந்தது. அப்போதே சுதாரித்திருக்கலாம் என்று பின்னால் புருஷனிடம் சொல்லுவாள். சுதாரித்து எங்கே போயிருப்பாள் என்று அவனும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அவளுடைய ஆராய்ச்சி இதுதான். மழை பெய்தால் அத்தி மரத்தின் பட்டைக்குள் ஒரு பூஞ்சை விழித்துக்கொள்கிறது. மரம் அதைத் துரத்துகிறதா, குடிவைத்துக்கொள்கிறதா? "தெரிஞ்சு என்னம்மா ஆகப் போகுது?"என்று மாமியார் கேட்டார். பட்டை நோய் வந்து சாகும் மரங்களைக் காப்பாற்றலாம் என்றதும், "அப்ப சரி"என்று விட்டுவிட்டார். ஆய்வுத் திட்டத்தை விசாரித்த நிபுணர்கள்கூட அவ்வளவு சுலபமாக விடவில்லை.

வேலை சொல்லச் சுலபம், செய்யத்தான் நாக்குத் தள்ளும். மழை விட்ட கையோடு மரத்தடிக்குப் போக வேண்டும். பட்டையைச் சிறு துண்டாகச் செதுக்கி, அந்த நொடியே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். மரமும் பூஞ்சையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்பது ஆர்.என்.ஏ. என்ற சங்கதியில் எழுதியிருக்கும். அது தொட்டாற்சிணுங்கி. கொஞ்சம் சூடு பட்டால் அழிந்துபோகும், பிறகு யார் நினைத்தாலும் மீட்க முடியாது. அதனால் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் மைனஸ் எண்பது டிகிரியில் இருக்கும் ஃப்ரீசருக்குள் அடைத்துவிட வேண்டும்.

புருஷனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மழை பெய்தால் முதலாளியிடம் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் வந்து நிற்பான். பின்சீட்டில் அவள், அவள் மடியில் நைட்ரஜன் குடுவை. பால் கேன் என்று நினைத்து வழியில் விலை கேட்டவர்கள் உண்டு. "பொண்டாட்டிக்காகப் பட்டை உரிக்கிற புருஷன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான்"என்பான் அவன். ஆஸ்பத்திரி மரம், தண்ணீர்த்தொட்டி மரம், கல்லறை மரம், பஸ் நிலைய மரம் என்று மகள்கூட எல்லா மரத்துக்கும் பேர் வைத்திருந்தாள். இரண்டு மழைக்காலம் முழுக்க இதே பிழைப்பு. பஸ் நிலைய மரத்தை அதற்குள் சாலை விரிவாக்கத்துக்காக வெட்டிவிட்டார்கள். அந்த மரம் இப்போது இருப்பது அவளுடைய ஃப்ரீசரில் மட்டும்தான்.

எல்லாத் துண்டுகளிலிருந்தும் ஆர்.என்.ஏ.வை ஒரே தடவையில் பிரித்தெடுத்து, அதைப் படிக்கும் இயந்திரத்தில் ஓட்டினால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். அதனால் கடைசித் துண்டு வரும்வரை எதையும் தொடாமல் வைத்திருந்தாள். கடைசித் துண்டும் வந்தாயிற்று, இயந்திரத்துக்கு முறையும் கிடைத்தாயிற்று. பல்கலைக்கழகத்துக்குத் தரம் போடும் மதிப்பீட்டுக் குழு வந்துபோன மறு மாதம் ஓட்ட வேண்டும்.

ஃப்ரீசரை அவள் நம்பினாளா? கிடையாது. மின்சாரத்தை நம்பும் அளவுக்கு அவள் அப்பாவி இல்லை. அதற்கு ஒரு உபாயம் வைத்திருந்தாள். ஒரு கண்ணாடிக் குழாயில் பாதி சிவப்புத் தண்ணீரை ஊற்றி, சாய்த்துப் படுக்கவைத்து உறைய விடுவாள். கட்டியானதும் நிமிர்த்தி, பட்டைத் துண்டுகளுக்கு நடுவே நிறுத்திவிடுவாள். உள்ளே உருகாத வரைக்கும் சிவப்பு சாய்ந்தே நிற்கும். ஒரு தடவை உருகி மறுபடி உறைந்தாலும் போச்சு, தண்ணீர் மட்டமாகிவிடும். பட்டைத் துண்டைப் பார்த்தால் உருகியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி பனி பூத்துக் கிடக்கும். அந்தக் குழாய்க்குத்தான் தெரியும். அதற்குச் சாட்சி என்று பேர். காலையில் வந்ததும் முதல் வேலையாக அதன் முகத்தில்தான் விழிப்பாள்.

குழு வரப்போகிறது என்றதும் பல்கலைக்கழகம் கல்யாண வீடானது. பூந்தொட்டிகள் வந்து இறங்கின. வராத பேராசிரியர்கள் வந்தார்கள். கீழ்த்தளத்தில் கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு கூடத்தைத் திறந்து 'மைய ஆய்வு அரங்கம்' என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். அரங்கம் இருந்தது, உள்ளே வைக்கத்தான் எதுவும் இல்லை. துறை துறையாகப் போய்ப் பெரிய கருவிகளை எல்லாம் இறக்கிக்கொண்டு வருவது என்று டீன் முடிவு செய்தார். குழு போனதும் திரும்ப ஏற்றிவிடுவார்களாம். மாதிரிகள் இருக்கும் ஃப்ரீசரில் கை வைப்பார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

டீன் கத்துகிற ஆளில்லை. சிரித்த முகம், குழைந்த குரல், எதிரே யார் வந்தாலும் "அம்மா","தம்பி". அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அவர் பேச்சை மீறியும் யாரும் பார்த்ததில்லை. சனிக்கிழமை ஆய்வு மாணவர்கள் அத்தனை பேரையும் அடுத்த கட்டடத்துக் கருத்தரங்கு அறையில் உட்காரவைத்து ஒத்திகை நடத்தினார். குழு என்ன கேட்கும், என்ன சொல்ல வேண்டும் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக் கொடுத்தார். பட்டையக்காவுக்குக் கிடைத்த கேள்வி, மாதிரிகளை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்பது.

"இருபத்திநாலு மணி நேரமும் தடையில்லாத மின்சாரம் இருக்குதுங்க"என்று எழுந்து நின்று சொன்னாள்.

"சிரிச்சுச் சொல்லுங்கம்மா. கொடுத்து வெச்ச பிள்ளைங்க நீங்கன்னு அவங்களுக்குத் தோணணும்"என்றார் டீன்.

சிரித்துச் சொன்னாள். அவள் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் மாடியில் அவளுடைய ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

புது அரங்கத்தில் அந்தப் பிளக்குக்கு ஏற்ற துளை இல்லை. எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமை மாட்டிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஒத்திகை முடிந்ததும் மாணவர்களை நேரே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தரைக்கு மெருகு போடுகிறார்கள் என்று ஞாயிறு முழுக்க யாரையும் வளாகத்துக்குள் விடவில்லை.

திங்கட்கிழமை வந்தபோது மாடியில் ஃப்ரீசர் இருந்த இடத்தில் நாலு கால் தடமும் தூசியும்தான் இருந்தன. விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினாள். கண்ணாடி அரங்கத்தில் அது புதுப்பெண் மாதிரி துடைத்துவைத்த கோலத்தில் உறுமிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் அதற்குள் வந்து மாட்டியிருந்தான். முகப்பில் குளிரைக் காட்டும் எண்கள் சரியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தன. போன உயிர் வந்தது. கதவைத் திறந்து சாட்சியை எடுத்தாள். சிவப்பு மட்டமாக இருந்தது, மேசையில் வைத்த டம்ளர்த் தண்ணீர் மாதிரி. குழாயைத் திருப்பிப் பார்த்தாள், துடைத்துப் பார்த்தாள். வேறு பக்கத்திலிருந்து பார்த்தால் சாய்ந்து தெரியுமோ என்று குனிந்துகூடப் பார்த்தாள் பைத்தியக்காரி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெருகு போட்ட தரையில் அவள் முகம் தெரிந்தது.

அவளுடைய கைடு அவளை விட வயதில் சின்னவர். நல்ல மனிதர், கெட்டிக்காரர், ஆனால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் கைக்குழந்தை. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் முகம் செத்துப்போனது.

"எல்லாமேவா?"

"எல்லாமே சார்."

"ஒருவேளை கொஞ்சம்தான் உருகியிருக்குமோ?"

"சார், நீங்கதானே எனக்கு இந்த ஆர்.என்.ஏ. பாடத்தையே சொல்லிக் கொடுத்தீங்க."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். "இங்க பாருங்க. இப்ப வாயத் திறந்தா ரெண்டு பேருக்கும் நல்லதில்ல. குழு போகட்டும். போனதும் உங்களுக்கு ஒரு வருஷம் கால நீட்டிப்புக்கு நானே எழுதித் தரேன். மாதிரி கெட்டுப்போச்சுன்னா கொடுக்கலாம்னு விதியிலேயே இருக்கு. கையில நீட்டிப்பு கடிதம் இருந்தா உங்க முதல்வரும் இன்னொரு வருஷம் பொறுப்பார். அடுத்த மழைக்கு மறுபடி எடுத்துடலாம்."

"பஸ் நிலைய மரம்?"

"அதை விட்டுடுங்க. மிச்ச மரம் இருக்கில்ல."

ஒரு வருஷம். முதல்வர் காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம். புருஷன் மறுபடியும் மழையில் ஸ்கூட்டரை எடுப்பான், முணுமுணுத்துக்கொண்டே எடுப்பான். அந்த ஒரு வருஷத்தை நம்பி அவள் வாயை மூடிக்கொண்டாள். மனசாட்சி ஒரு பக்கம் குடைந்தது. அதையும் சேர்த்து மூடினாள்.

குழு வந்தது, நீரூற்றும் வந்தது. கண்ணாடி அரங்கத்தில் அவரவர் கருவிக்குப் பக்கத்தில் மாணவர்களை நிறுத்தியிருந்தார்கள். குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் நடந்துகொண்டே பார்த்துத் தலையாட்டினார்கள். மூன்றாவது ஆள் ஓர் அம்மாள், முடியை ஒட்ட வெட்டியிருந்தார், காலில் தேய்ந்த செருப்பு. அவர் ஃப்ரீசரிடம் நின்றுவிட்டார்.

"என்னம்மா வெச்சிருக்கே உள்ளே?"

பட்டையக்கா சொன்னாள். அத்தி மரம், மழை, பூஞ்சை என்று சொல்லச் சொல்ல அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நானும் ஒரு காலத்துல இப்படி மழையில அலைஞ்சவதான். நனைஞ்சு நனைஞ்சு காய்ச்சல்ல படுத்திருக்கேன்"என்றார். கதவைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். பெட்டி பெட்டியாகப் பனி பூத்த குழாய்கள், ஒவ்வொன்றிலும் மரம், மழை, தேதி. கெட்டுப்போன பிறகும் அதற்கு என்ன அழகு.

"ரெண்டு மழைக்காலமா? பெரிய உழைப்பும்மா இது. கரண்ட் போனா என்ன செய்வே?"

"இருபத்திநாலு மணி நேரமும் தடையில்லாத மின்சாரம் இருக்குது மேடம்."

"இந்தச் சிவப்பு என்னது?"

டீன் இரண்டடி தள்ளிச் சிரித்த முகமாக நின்றார். பல்கலைக்கழகத்து வீடியோக்காரன் கேமராவை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தான். கைடு எங்கே என்று தேடினாள். அவர் எங்கோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃப்ரீசர் நல்லா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு மேடம்."

"செய்யுதா?"

இதைவிடப் பச்சையாக ஒரு மனுஷி கேட்க முடியாது. ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் புரிந்துகொள்வார், அவருக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? ஆனால் புரிந்துகொண்டு அவர் சாயங்காலம் ஊருக்குப் போய்விடுவார், இவள் இங்கேதான் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் தரம் குறைந்தால் இவள் வாங்கப்போகும் பட்டத்துக்கும் சேர்த்துத்தான் மதிப்புக் குறையும். கைடின் வேலை, கைடு எழுதித் தருவதாகச் சொன்ன அந்த ஒரு வருஷம், எல்லாம் இந்தக் கதவுக்குள்தான் இருந்தன.

"நல்லாச் செய்யுது மேடம். எல்லாம் பத்திரமா இருக்கு"என்றாள். ஒத்திகையில் சொன்னதுபோலவே சிரித்தாள்.

அந்த அம்மாள் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். தட்டிய இடம் அன்றைக்கு முழுக்க எரிந்தது.

பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. மாதிரிகளைப் பாதுகாக்கும் முறை பாராட்டத்தக்கது என்று குழு தனியாக ஒரு வரி எழுதியிருந்ததாம். எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டு வந்து மகளிடம் கொடுத்தாள். ஃப்ரீசரை மாடிக்கு ஏற்றினார்கள். இந்தத் தடவை எலக்ட்ரீஷியன் கூடவே வந்து, ஏற்றிய கையோடு மாட்டினான்.

கைடு சொன்ன சொல் தவறவில்லை, எழுதிக் கொடுத்தார். நீட்டிப்பைப் பரிசீலிக்கிற கூட்டம் டீனின் அறையில். நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், சுவரில் பெரிய திரை. கைடும் அவளும் ஒரு பக்கம், டீனும் இன்னும் இரண்டு பேரும் எதிர்ப்பக்கம். டீன் கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். திரையில் பல்கலைக்கழகத்து இணையதளம் வந்தது. 'மாணவர் அனுபவங்கள்' என்ற தலைப்பு, அதற்குக் கீழே அவளுடைய முகம். நல்லாச் செய்யுது மேடம், எல்லாம் பத்திரமா இருக்கு. அவள் குரல் அந்த அறையில் கணீரென்று கேட்டது.

"நல்லா வந்திருக்குதும்மா. இதைப் பாத்துட்டு நிறையப் பேர் விசாரிக்கிறாங்க"என்றார் டீன். கடிதத்தை மேசையில் வைத்து நீவிவிட்டார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. அன்னிக்கு நீங்க சொன்னது பொய்யா, இன்னிக்கு இதுல எழுதியிருக்கிறது பொய்யா?"

டீன் திரையை அவள் முகத்திலேயே நிறுத்திவைத்தார்.

"நான் யாரையும் கட்டாயப்படுத்தல. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க. அன்னிக்குச் சொன்னதுதான் பொய்ன்னா, குழுவுக்கு எழுதி மன்னிப்புக் கேட்கணும். குழுவை ஏமாத்தினவங்களை ஆய்வு மாணவர் பதிவுல வெச்சிருக்க முடியாது. உங்க கைடும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்."

"சார், ஃப்ரீசரை இறக்கினது..."என்று ஆரம்பித்தாள்.

"இறக்கினதுல உங்களுக்கு ஆட்சேபம் இருந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. அவ்வளவு பெரிய குழு, உங்க முன்னாடி நின்னு கேட்டுதே."

அவள் கைடைப் பார்த்தாள். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசுய்யா என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவர் நிமிரவே இல்லை. காது மட்டும் சிவந்துபோயிருந்தது. அவருக்காகப் பரிதாபப்படக்கூட அவளிடம் அப்போது தெம்பு இல்லை, ஆனாலும் பரிதாபமாகத்தான் இருந்தது.

"இன்னிக்கு எழுதினதுதான் சார்"என்றாள்.

"பொய்?"

"பொய்தான் சார்."

"அப்ப மாதிரியெல்லாம் நல்லா இருக்கு."

"நல்லா இருக்கு சார்."

"கேக்கவே சந்தோஷமா இருக்கு. சும்மா பயந்துட்டீங்க போல. முறை கிடைச்சிருக்கில்ல, போய் ஓட்டி முடிங்க. நல்ல முடிவா வரும் பாருங்க."கடிதத்தை மடித்து, கைடிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் கைடு, "நான் என்னங்க செய்யட்டும்?"என்றார். அந்தக் கேள்வியை அவள் அல்லவா கேட்டிருக்க வேண்டும். விறுவிறுவென்று படியேறினாள். பாதிப் படியில் போன் அடித்தது. புருஷன்.

"என்னாச்சு? கொடுத்துட்டாங்களா?"

"இல்லீங்க."

"ஏன்? என்ன சொன்னாங்க?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்." அழுகை முட்டிக்கொண்டு வந்தது, படியில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததால் விழுங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அடுத்த மேசைக்காரி, போன வருஷம் சேர்ந்த மாணவி, காத்திருந்தாள். ஃப்ரீசர் உருகிய கதை அவளுக்குத் தெரியும். பட்டையக்கா மேசையைத் துடைத்தாள், பட்டையை அரைக்கும் குட்டி உரல்களை எடுத்து வரிசையாக வைத்தாள், ஃப்ரீசரைத் திறந்து முதல் பெட்டியை வெளியே எடுத்தாள்.

"இங்க ஐஸ் தீந்துபோச்சு. கீழே போய் ஒரு வாளி கொண்டு வரியா?"

"எதுக்குக்கா ஐஸ்? அதான் எல்லாம்..."என்று அந்தப் பெண் பாதியில் நிறுத்தினாள்.

"நல்லா இருக்குன்னு நானே சொல்லிட்டு வந்திருக்கேன். நல்லா இருக்கிறதை வெறும் மேசையில வெச்சா கெட்டுப்போயிடாதா? போ, கொண்டு வா."

அந்தப் பெண் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். ஐஸ் வரும்வரைக்கும் பட்டையக்கா பெட்டியைத் திறக்கவில்லை.